ஷன்ட் வைத்த குழந்தையைத் தத்தெடுத்த ஒரு குடும்பம்: நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

டெல்டா பகுதியில் ஒரு சிறுநகரத்துக் குடும்பம், முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுத்தது. அதன் தொடக்கம் முதல் இன்றைய நிலை வரை இங்கே இருக்கிறது. பெற்றோர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குழந்தை இருந்தது வேறு மாவட்டத்து இல்லத்தில். பெற்றோரின் வீட்டு ஆய்வும் தத்துக்குப் பிந்தைய தொடர் கண்காணிப்பும் எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு, நான் அங்கே சமூகப் பணியாளர். மருத்துவர் இல்லை என்பதால் மருத்துவ விஷயங்களை ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படும் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குழந்தையின் பின்னணி

2021 இறுதியில் ஓர் அரசு மருத்துவமனையின் தொட்டிலில் விடப்பட்ட குழந்தை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்தது, இப்போது அந்தத் தொட்டிலுக்கு இப்படி உடல் பிரச்சினையோடு பிறந்த குழந்தைகளும் வருகிறார்கள். இவனுக்கு இடுப்புக்குச் சற்று மேலே முதுகில், தோல் மூடாத எலுமிச்சை அளவுக் கட்டி. மருத்துவர்கள் மெனிங்கோமைலோசீல் என்பார்கள், ஸ்பைனா பிஃபிடாவில் கடுமையான வகை. கரு உருவான முதல் நான்கு வாரத்துக்குள் மூடவேண்டிய நரம்புக்குழாய் ஓரிடத்தில் மூடாமல் போவதால் வருவது. அந்த நான்கு வாரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரிந்திருக்காது. அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள், நம்மூரில் அது பெரும்பாலும் கர்ப்பம் உறுதியான பிறகுதான் கைக்கு வருகிறது. (இதைச் சொல்லக் கிடைக்கும் எந்த இடத்தையும் நான் விடுவதில்லை.)

மூன்றாம் நாள் முதுகை மூடும் அறுவை சிகிச்சை. அப்புறம் தலையில் நீர் சேரத் தொடங்கியது, ஆறாவது வாரம் ஷன்ட் வைத்தார்கள். மூளையில் தேங்கும் நீரைத் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கிவிடும் ஏற்பாடு அது. பிறகு இல்லத்துக்கு வந்தான். காவல்துறை விசாரணை, செய்தித்தாள் விளம்பரம் எல்லாம் முடிந்து, குழந்தைகள் நலக்குழு அவனைத் தத்துக்கொடுக்கத் தகுதியானவன் என்று அறிவித்து, மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் பட்டியலில் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் யாரும் வரவில்லை.

குடும்பம்

கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. ஒன்பது வயதில் ஒரு மகள். கணவரின் அம்மாவும் அதே வீட்டில். இரண்டாவது குழந்தை நிற்கவில்லை, சிகிச்சைகளில் களைத்துப்போய்த் தத்தெடுக்கப் பதிந்தார்கள்.

உடல்நலப் பிரச்சினை இல்லாத சின்னக் குழந்தைக்குக் காத்திருப்பு மூன்று ஆண்டுக்கும் மேலே போகிறது. சிறப்புத் தேவைப் பட்டியலில் வரிசை கிடையாது, பிடித்தால் உடனே ஒதுக்கிக்கொள்ளலாம். ஆகவே அந்தப் பட்டியலிலிருந்து ஒதுக்கிவிட்டு எங்களிடம் வரும் எல்லோரிடமும் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கே வரிசை நகர்ந்து, நோயில்லாத குழந்தை கிடைக்கும் என்றால் இந்தக் குழந்தையை விட்டுவிடுவீர்களா? இதில் மரியாதைக்குச் சொல்லும் பதில்தான் பெரும்பாலும் வரும், அதனால் இருவரிடமும் தனித்தனியே கேட்போம். மனைவி விடமாட்டேன் என்றார். கணவர் கொஞ்ச நேரம் யோசித்து, "தெரியல மேடம், அவ அந்தப் பையன் போட்டோவ ராத்திரி ராத்திரி பாத்துக்கிட்டிருக்கா, எனக்கு இன்னும் அந்த அளவுக்கு வரல" என்றார். அதை அப்படியே ஆய்வறிக்கையில் எழுதினேன். தயக்கத்தை ஒளிக்காத ஆளை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

மாமியார் கடுமையாக எதிர்த்தார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று தத்தெடுப்புக்கு முதலில் தலையாட்டியவரும் அவர்தான். குழந்தைக்கு நடக்க வராமல் போகலாம் என்று தெரிந்ததும் அந்தப் பழமொழி நின்றுபோனது. சொந்தக்காரர்கள் வட்டத்தில் இது ஏதோ பரிகாரம் என்று பேச்சு கிளம்பியது, ஒருவர் ஜாதகத்தைக்கூடக் கேட்டாராம். மாமியார் எங்களிடம் கேட்டது வேறு: "இவங்க ரெண்டு பேருக்கும் அப்புறம் யாரு பாப்பா? என் பேத்தி தலையிலதான விடியும்?" வீட்டு ஆய்வு முழுவதிலும் இதைவிடக் காரியமான கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை. கிழவி பழையகாலத்து ஆள் என்று தள்ளிவிடாமல், அதற்குப் பதில் எழுதித் தரும்படி பெற்றோரிடம் சொன்னோம். கடை இருக்கும் கட்டடத்தில் ஒரு பங்கைப் பையன் பெயருக்கு ஒதுக்குவது, மகளிடம் தம்பியின் மருத்துவ வேலை எதையும் கடமையாகக் கொடுக்காமல் இருப்பது என இரண்டை எழுதினார்கள். இரண்டாவதை மாமியார்தான் இன்றுவரை காவல் காக்கிறார்.

கோப்பில் இருந்ததும் ஆயாவுக்குத் தெரிந்ததும்

இல்லத்திலிருந்து வந்த மருத்துவ அறிக்கையின் சாரம் நாலு வரி. முதுகு அறுவை சிகிச்சை முடிந்தது, ஷன்ட் உள்ளது, இரு பாதமும் உள்வளைந்துள்ளன, பொது நிலை சீர். சிறுநீர், மலம் என்ற கட்டத்தில் "இயல்பு" என்று எழுதியிருந்தது.

ஸ்பைனா பிஃபிடா குழந்தையின் அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும். முதுகில் அந்த இடத்து நரம்புகள்தான் சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் போகின்றன. கால் நடக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியும், எல்லோரும் அதையே கேட்பார்கள். ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சிறுநீரகமும் ஷன்ட்டும்தான்.

பெற்றோரோடு இல்லத்துக்குப் போனபோது மனைவி அலுவலக அறையில் உட்காராமல் குழந்தைகள் இருக்கும் கூடத்தில் ஆயாவோடு போய் உட்கார்ந்துவிட்டார். அவரே கேட்டுத் தெரிந்துகொண்டது இது. மற்றப் பையன்களுக்குத் துணி மாற்றும்போது பீச்சியடிப்பார்கள், முகத்தை நகர்த்திக்கொள்ள வேண்டும். "இவன் ஒரு தடவகூட பீச்சுனதில்லம்மா, எப்பப் பாரு சொட்டிக்கிட்டே இருக்கும், வயித்த லேசா அமுக்குனா கொஞ்சம் வரும்" என்றார் ஆயா. இடையிடையே காய்ச்சல் வருமாம், மருந்து கொடுத்தால் போய்விடுமாம். கோப்பில் அந்தக் காய்ச்சல்கள் வைரல் காய்ச்சல் என்று பதிவாகியிருந்தன, ஒருமுறைகூடச் சிறுநீர்ப் பரிசோதனை இல்லை. பை நிரம்பி வழிவதைத்தான் "இயல்பு" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஏற்பதற்கு முன் எடுத்த முடிவுகள்

குழந்தையின் மருத்துவ அறிக்கையைத் தாங்கள் விரும்பும் மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க, தத்தெடுப்போருக்கு விதிகளிலேயே உரிமை இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை, குழந்தையைச் சந்தேகப்படுவது போலாகிவிடும் என்ற கூச்சம். இவர்கள் ஒரு குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனார்கள். அவர் கேட்டது நான்கு: சிறுநீரக அல்ட்ராசவுண்ட், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தக் கிரியேட்டினின், குழந்தை நன்றாக இருக்கும்போதே எடுத்த ஒரு மூளை சிடி ஸ்கேன்.

இல்லத்துத் தரப்பில் சுணக்கம். இப்படித் தோண்டிக்கொண்டே போனால் எந்தக் குழந்தையும் வீடு போய்ச் சேராது என்றார்கள். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு, ஸ்கேன் முடிவைப் பார்த்துப் பின்வாங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நாங்கள் பெற்றோர் பக்கம் நின்றோம். இப்போது தெரியாமல் எடுத்துப்போய் ஆறு மாதம் கழித்துத் தெரிந்து திருப்பிக் கொண்டுவந்து விட்டால், அது அந்தக் குழந்தைக்கு இரண்டாவது கைவிடல். முதல் தடவை பிறந்த ஓரிரு நாளில் நடந்தது, நினைவிருக்காது. இது அப்படிப் போகாது.

முடிவுகள் வந்தன. கிரியேட்டினின் சரி. சிறுநீரில் கிருமி. வலது சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. சிறுநீர் பையிலிருந்து மேலே திரும்பி ஏறுகிறதா என்று பிறகு பார்க்கவேண்டும், எப்படியானாலும் குழாய் போட்டு நேரத்துக்கு நேரம் சிறுநீரை வெளியேற்றியாக வேண்டும் என்றார் மருத்துவர்.

இங்கேதான் நாங்கள் ஒரு வேலை செய்தோம், இப்போது எல்லாக் குடும்பத்தோடும் செய்கிறோம். அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளில் நாள் முழுவதையும் எழுதினோம். காலை ஆறு மணிக்குக் கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றும் அந்தக் குழாய், பத்துக்கு, இரண்டுக்கு, மாலை ஆறுக்கு, படுக்கும் முன் பத்துக்கு. ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம். தடுப்பு ஆன்டிபயாடிக் ஒருவேளை. பையைத் தளர்த்தும் மாத்திரை பொடித்து. மலச்சிக்கலுக்கு சிரப், வராத நாளில் எனிமா. வாரம் ஒருநாள் பாதத்துக்கு மாவுக்கட்டு மாற்ற மருத்துவமனை. கால் பயிற்சி இருவேளை. காலில் உணர்வு குறைவு, ஆகவே தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துப் புண் இருக்கிறதா என்று சோதனை. ரப்பர் கையுறை, பலூன் வீட்டுக்குள் கூடாது, இந்தக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை அதிகம் வருகிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் செய்வது என்று ஒரு பெயர். முதல் வரைவில் எல்லா வரிக்கும் எதிரே மனைவி பெயரே இருந்தது. அந்தத் தாளை அப்படியே ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம், மதியம் இரண்டு மணிக்கு அவர் வகுப்பில் இருப்பார் என்பதுகூட அதில் இல்லை.

கணவர் கற்றுக்கொள்ள முதலில் தயங்கினார், வலிக்கும் என்று பயம். இல்லத்துக்குச் செவிலியர் ஒருவரை வரவழைத்து இருவருக்கும் பழக்கிக் கொடுத்தோம். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஆறாம் நம்பர் ஃபீடிங் டியூபில் ஜெல் தடவி, அவசரப்படாமல் உள்ளே தள்ளினால் ஓரிடத்தில் லேசாகத் தடுக்கும், அங்கே அழுத்தாமல் ஒரு மூச்சு நேரம் நின்றால் தானே வழிவிடும். முதல்முறை அவர் போட்டபோது குழந்தை அழவில்லை, அந்த இடத்தில் அவனுக்கு உணர்வே அவ்வளவாகக் கிடையாது, அவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். கிண்ணத்தில் விழுந்த அளவைப் பார்த்து, "இவ்ளோ உள்ள தேங்கிக் கிடந்துச்சா" என்றார். அதற்கப்புறம் அவரிடம் அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்க வேண்டிய அவசியம் எழவில்லை.

பணம் பற்றி ஒரு விவாதம் நடந்தது. இல்லத்தில் இருக்கும்வரை குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு, இந்தக் குடும்பத்தின் வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வரம்பைத் தாண்டியது, தத்தெடுத்ததும் அது போய்விடும். கால் சிகிச்சையை முடித்துவிட்டு அனுப்பலாமே என்று இல்லம் சொன்னது. நாங்கள் ஒப்பவில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் அந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு தேவையே இல்லை, அதற்காக ஒன்றேகால் வயதுக் குழந்தையை இன்னும் அரை வருடம் கூடத்தில் படுக்க வைப்பது சரியாகப் படவில்லை. தனியார் காப்பீட்டுக்கு இரண்டு நிறுவனங்களிடம் விண்ணப்பித்தார்கள், இரண்டும் மறுத்தன. மருத்துவச் செலவுக்கென்று மாதாமாதம் ஆர்.டி. கட்டத் தொடங்கினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

2023 ஏப்ரலில் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் குழந்தை வீட்டுக்கு வந்தான். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார், இவர்களுக்கும் அப்படித்தான் வந்தது. பெற்றோர் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் வந்தது. இந்தப் பகுதியில் சிக்கல் ஏதும் இல்லை.

விடுப்பில்தான் இடித்தது. மகப்பேறு உதவிச் சட்டத்தின் 2017 திருத்தம் தத்தெடுக்கும் தாய்க்குப் பன்னிரண்டு வாரம் தந்தது, ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்றது. கைவிடப்பட்ட குழந்தையைத் தகுதியானவன் என்று அறிவிக்கும் நடைமுறையே இரண்டு மாதத்தைத் தின்றுவிடும்போது இந்தச் சலுகை யாருக்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார்.

முதல் மூன்று மாதம் குழந்தை இரவில் தூங்கவில்லை. கூடத்தில் பத்துப் பேரோடு படுத்தவனுக்குத் தனி அறையின் அமைதி ஒத்துவரவில்லை, கடைசியில் எல்லோரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். மகள் வேறுவிதமாகப் படுத்தினாள், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கதீட்டர் போடும் நேரம் பார்த்துத்தான் அவளுக்கு வயிறு வலிக்கும். அவளை மட்டும் தனியே கடைக்கு அழைத்துப்போவது என்று அப்பா ஒரு வழக்கம் வைத்துக்கொண்ட பிறகு குறைந்தது, முழுக்க நிற்கவில்லை.

சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் வலது பக்கம் சிறுநீர் மேலே ஏறுவது உறுதியானது. குழாயை நேரம் தவறாமல் போட்டதில், முதல் வருடத்தில் ஒரே ஒருமுறைதான் கிருமித் தொற்றோடு காய்ச்சல் வந்தது. அது வந்தது ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாட்களில், மண்டபத்தில் ஒதுக்கிடம் கிடைக்காமல் இரண்டுவேளை தவறியபோது.

ஷன்ட் அடைத்த தீபாவளி

2024 தீபாவளிக்கு மறுநாள் காலை வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். பண்டிகை மறுநாள் வாந்தியோடு வரும் பத்தாவது குழந்தையாக இவன் இருந்திருப்பான், அவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. மதியம் பயல் சோர்ந்து படுத்தான், கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடினான். வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. ஷன்ட் உள்ள குழந்தைக்கு வாந்தியும் தூக்கமும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது ஷன்ட்தான் என்பது அவர்களுக்குச் சொல்லித்தந்த பாடம். வேறு கிளினிக் தேடாமல் நேரே மருத்துவக் கல்லூரிக்கு ஓட்டினார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் சிடி எடுத்துவிட்டு, மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் பெரிதாகத்தான் இருக்கின்றன, ஆனால் இவனுக்கு எப்போதுமே இப்படி இருக்குமோ என்று குழம்பினார். ஷன்ட் வைத்த பல குழந்தைகளுக்கு அவை நன்றாக இருக்கும்போதும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும் என்பதால் அது நியாயமான குழப்பம். அம்மா போனில் பழைய ஸ்கேன் படம் இருந்தது, ஏற்பதற்கு முன் இல்லத்தோடு மல்லுக்கட்டி எடுக்க வைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வித்தியாசம் தெரிந்தது. அன்றிரவே குழாயை மாற்றினார்கள். நாலாம் நாள் இட்லி கேட்டான்.

இப்போதைய நிலை

பையனுக்கு நாலு வயது தாண்டிவிட்டது. கால் ஸ்பிளின்ட் மாட்டி வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறான், படி ஏற முடியாது, தெருவுக்குத் தூக்கித்தான் போகவேண்டும். பேச்சு ஏராளம், எதிலும் சேர்ந்தாற்போல் உட்காருவது கஷ்டம். சிறுநீரக ஸ்கேன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீக்கம் கூடவில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டுக்கான நான்கு கண்காணிப்பு அறிக்கைகளும் முடிந்து, சட்டப்படி எங்கள் வேலை தீர்ந்துவிட்டது.

நடைமுறையில் தீரவில்லை. அவர்கள் அணுகிய முதல் பள்ளி, பதினொரு மணிக் கதீட்டருக்கு இடமும் ஆளும் இல்லை என்று கைவிரித்தது. அம்மா தன் பள்ளியிலேயே சேர்த்து, இடைவேளையில் தானே போட்டுக்கொள்கிறார். அவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் பையனுக்கும் அன்று விடுமுறை. மாமியார் எல்லாம் செய்வார், குழாயை மட்டும் தொடமாட்டார். மாற்றுக்கு ஒரு ஆள் என்பது அந்த ஊரில் இன்றுவரை அமையவில்லை, கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் இரவு வெளியூர் தங்கியதில்லை. இது ஓடிக்கொண்டிருக்கும் குடும்பம்தான், ஆனால் இருவரில் ஒருவர் படுத்துவிட்டால் மூன்றாவது கை இல்லை என்பதைக் கடைசி அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன்.

எதை மாற்றவேண்டும்

இல்லத்துக்கு ஸ்பைனா பிஃபிடா குழந்தை வந்த வாரமே சிறுநீரக ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் நடக்கவேண்டும், குழாய் போடுவதை ஆயாக்களுக்கே கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு ஓராண்டுக்கு மேல் அது தள்ளிப்போனது, வலது சிறுநீரக வீக்கம் அந்த இடைவெளியில் வந்ததாக இருக்கலாம் என்றுதான் அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னார்.

மருத்துவ அறிக்கையோடு, குழந்தையைத் தினமும் கையாளும் ஆயாவின் வாய்மொழியையும் யாராவது எழுதிச் சேர்க்கவேண்டும். மருத்துவர் அரை மணி நேரம் பார்க்கிறார், ஆயா ஆறு மாதமாகப் பார்க்கிறார். எங்கள் ஆய்வுப் படிவத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டோம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளையோடு நாங்கள் பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் தம்பி வேண்டுமா என்ற அளவில். மகளுக்கு அது போதவில்லை. இப்போது மூன்று சந்திப்பாக்கியிருக்கிறோம், அதில் ஒன்று குழந்தை வீட்டுக்கு வந்தபின்.

இரண்டு ஆண்டோடு கண்காணிப்பை முடிப்பது இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது. பள்ளியில் சேர்ப்பது, வளர வளர முதுகுத்தண்டு இழுபட்டுக் கால் பலம் குறைகிறதா என்று பார்ப்பது, தானே குழாய் போட்டுக்கொள்ளப் பழக்குவது எல்லாமே அதற்கப்புறம்தான் வருகின்றன. ஆறேழு வயதில் அவனுக்கே கற்றுக்கொடுக்கத் தொடங்கலாம் என்கிறார் மருத்துவர், அதற்கு எங்களில் யார் போவது என்பதை அலுவலகத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை, செலவுக் கணக்கில் அப்படி ஒரு தலைப்பே இல்லை.